நாற்பத்தோராம் அளவுச் சப்பாத்து

இரும் தங்கச்சி, இந்தக் கதிரையிலை இரும். நிமிர்ந்து இரும். எங்கடை இலக்கம் அறுபத்தொண்டு, இப்ப முப்பத்தெட்டுத்தான் போகுது. சோசியல் அலுவலகம் எண்டால் இப்பிடித்தான், காலமை எட்டு மணிக்கு வந்து குந்தினாலும் மத்தியானம்தான் கூப்பிடுவினம். பயப்பிடாதையும், நான் இருக்கிறன். எண்பத்தெட்டிலை ஜேர்மனிக்கு வந்தனான். இந்த ஊரிலை ஞானேஸ் அக்காவைத் தெரியாத தமிழ்ச் சனம் இல்லை. அகதியா வாற ஆக்களை டொக்டரட்டைக் கூட்டிக்கொண்டு போறதும் நான்தான், அலுவலகங்களுக்கு இழுத்துக்கொண்டு திரியிறதும் நான்தான். ஒருத்தர் கேட்டுச் செய்யேல்லை. எங்கடை சனம் இந்த நாட்டிலை சீர்கெட்டுப் போகக்கூடாது எண்டு செய்யிறன்.

எத்தினை நாளா நோகுது எண்டு சொன்னனீர்? மூண்டு நாளோ? அடிவயித்திலை வலப்பக்கமோ? சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தனீரோ? சரி சரி, கையை வயித்திலையிருந்து எடும். இப்பிடி மடங்கிக்கொண்டு இருந்தால் பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?

உமக்கு இந்த நாட்டு ஒழுங்கு தெரியாது, சொல்லுறன். வழக்கு முடியாத அகதி நினைச்சவுடனை டொக்டரட்டைப் போகேலாது. முதல் இஞ்சை வந்து ஒரு அனுமதித் துண்டு எடுக்கோணும். துண்டு எல்லாருக்கும் குடுக்காயினம். அவசர வருத்தம் எண்டால், தாங்கேலாத நோ எண்டால் குடுப்பினம். மற்றதெல்லாம் பேந்து பாப்பம் எண்டு அனுப்பிப்போடுவினம். அவசரமோ இல்லையோ எண்டு முடிவெடுக்கிறது ஆர் எண்டு நினைக்கிறீர்? டொக்டரோ? டொக்டர் இல்லை. உள்ளுக்கை பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருத்தி இருக்கிறா, அவ. மேசையிலை இருக்கிற பூச்சாடிக்குத் தண்ணி ஊத்திறதைத் தவிர வேறை ஒண்டையும் ஒழுங்காச் செய்து நான் காணேல்லை. அவ உம்மடை முகத்தைப் பாத்துத்தான் முடிவெடுப்பா. அதாலைதான் சொல்லுறன், முகம் முக்கியம்.

அங்கை பாரும், அந்த மூலையிலை. எந்த நாட்டுச் சனமோ தெரியேல்லை. மனிசன் சுவரிலை சாய்ஞ்சு அனுங்கிக்கொண்டு இருக்கிறார், பெண்சாதி நெஞ்சிலை அடிச்சு அடிச்சுக் குளறுறா. கொஞ்சமும் வெக்கமில்லை. பொறும், இப்ப என்ன நடக்குது எண்டு பாரும். பாத்தீரோ! கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி ஓடியந்து, இலக்கமும் பாக்காமல் அவையை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போறா. இனி அஞ்சு நிமிசத்திலை துண்டோடை வருவினம். கத்தினால் குடுக்கிறது, இதுதான் இவங்கடை நியாயம். ஒழுங்கா, மரியாதையா வந்து இருக்கிறவன் நாள் முழுக்க இருக்கவேண்டியதுதான். அதுக்காக நாங்களும் நிலத்திலை விழுந்து உருளுறதோ?

என்ரை மகள் பிறக்கேக்கை பதினெட்டு மணித்தியாலம் நோவிலை கிடந்தனான். பக்கத்து அறையிலை கிடந்தவள் ஆஸ்பத்திரிக் கூரை பறக்கக் கத்தினாள். என்னட்டை ஒரு சத்தம் வரேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். மருத்துவிச்சி வந்து என்ரை கன்னத்திலை தட்டி, "தமிழ்ப் பொம்பிளையள் எவ்வளவு அமைதி" எண்டு சொன்னவ. நான் அமைதியாக் கிடந்தபடியால் அவையும் மற்றவளைப் பாக்கப் போட்டினம். பேந்து வந்து பாத்தால் பிள்ளையின்ரை கழுத்திலை கொடி சுத்திக் கிடக்குது. கடவுளே எண்டு பிழைச்சிட்டாள். ஆனால் அந்த மருத்துவிச்சி சொன்ன சொல்லை அண்டையிலிருந்து நான் கீழை விழ விடேல்லை.

எங்கடை அவரும் அப்பிடித்தான். நெஞ்சுக்குள்ளை ஏதோ செய்யுது எண்டு ரெண்டு நாள் சொன்னவர். வாய்வாக்கும் எண்டு இஞ்சித் தண்ணி அவிச்சுக் குடுத்தன். மூண்டாம் நாள் வேலையிடத்திலை, சாப்பாட்டு மேசையிலை தலையை வைச்சபடியே கண்ணை மூடிட்டார். பக்கத்திலை இருந்து சாப்பிட்டவனுக்கே தெரியாதாம். ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் போன மனிசன். அவற்றை கோட்டையும் சப்பாத்தையும் நான் எறியேல்லை. எங்கடை சனத்துக்கு உதவட்டும் எண்டு வைச்சிருக்கிறன்.

பரஞ்சோதியின்ரை கதை கேள்விப்பட்டிருப்பீரே? இல்லையோ? அகதி விடுதியிலை ஒருத்தரும் சொல்லேல்லையோ? சும்மா சொல்லாதையும், சொல்லியிருப்பினம். என்னைப் பற்றிக் கண்டது நிண்டதெல்லாம் சொல்லியிருப்பினம். நடந்ததை என்ரை வாயாலை கேளும்.

போன ஐப்பசியிலை வந்தவர். முல்லைத்தீவுப் பக்கம், நாப்பத்தெட்டு வயசிருக்கும், அங்கை மண் லொறி ஓடினவர். பெண்சாதி தவமலர். எத்தினையோ நாட்டுக் காடெல்லாம் நடந்து வந்ததிலை அவருக்கு வலக்கால் பெருவிரல்லை புண். சீனி வருத்தமும் இருந்தது, புண் ஆறேல்லை. தவமலர் கோயில்லை என்னைக் கண்டு, "அக்கா, இவரை ஒருக்கா டொக்டரட்டைக் காட்டோணும், காலைப் பாக்கவே பயமாக்கிடக்கு" எண்டு கையைப் பிடிச்சவ. கைபிடிச்சுக் கேட்டால் நான் மாட்டன் எண்டு சொல்லுறதோ?

அடுத்த நாள் காலமை விடுதிக்குப் போறன், மனிசன் வெளிக்கிட்டு வாசல்லை நிக்கிறார். நிக்கிற கோலத்தைக் கேளும். ஒரு கிழமைத் தாடி. தோய்க்காத ஜம்பர். காலிலை றப்பர்ச் செருப்பு, அதுக்குள்ளாலை துணி சுத்தின விரல் வெளியிலை தெரியுது. ஊண்டி நடக்கிறதுக்கு ஆற்றையோ கூட்டுற தும்புத்தடியை முறிச்சுக் கையிலை வைச்சிருக்கிறார். எனக்கு வந்ததே ஒரு கோபம். "தம்பி, நாங்கள் பிச்சைக்கோ போறம்?" எண்டு கேட்டன். மனிசன் தலையைக் குனிஞ்சிட்டார்.

நான் பக்கத்திலை நிண்டு சவரம் எடுப்பிச்சன். எங்கடை அவற்றை கறுப்புக் கோட்டைப் போடுவிச்சன். தடியைப் பறிச்சு மூலையிலை வைச்சன். சப்பாத்துத்தான் கொஞ்சம் இழுபறி. அவற்றை நாற்பத்தொண்டு, பரஞ்சோதிக்கு நாற்பத்துமூண்டு. "அக்கா, விரல் உள்ளுக்கை போகுதில்லை" எண்டார். சுத்தியிருந்த துணியை அவிட்டுப்போட்டு ஒரு மெல்லிய கால்மேஸைப் போடுவிச்சன், போச்சுது. ஒரு நல்ல காரியத்துக்கு ரெண்டு மணித்தியாலம் பொறுக்கேலாதோ? பொறுத்தவர். நான் இல்லை எண்டு சொல்லேல்லை, நல்ல மனிசன். கண்ணிலை தண்ணி வந்தது, வாய் திறக்கேல்லை. படியிலை இறங்கி வரேக்கை பாக்கோணும், ஒரு பாங்க் மனேச்சர் மாதிரி.

பஸ்ஸிலை வரேக்கை இவங்கடை டொச் பாசையிலை ஒரே ஒரு வசனம் பழக்கினனான். எப்பிடி இருக்கிறீர் எண்டு கேட்டால், "நல்லாயிருக்கிறன், நன்றி" எண்டு சொல்லோணும். இருபது தரம் சொல்லுவிச்சன். பிறத்தி நாட்டுக்கு வந்தால் முதல் மரியாதை படிக்கோணும், வருத்தத்தைப் பேந்து சொல்லலாம்.

கண்ணாடிக்காரி கேட்டா. பரஞ்சோதி எழும்பி நிண்டு, சிரிச்சுக்கொண்டு, வடிவாச் சொன்னார். எனக்கு அப்பிடியொரு பெருமை. பேந்து அவ என்னைப் பாத்து, நோ எப்பிடி, தாங்கக்கூடியதோ எண்டு கேட்டா. பரஞ்சோதி என்ரை முகத்தைப் பாத்தார். "கொஞ்சம் இருக்குது, பறவாயில்லை, சமாளிப்பார்" எண்டு சொன்னன். பின்னை என்ன, போன முதல் நாளே ஒப்பாரி வைக்கிறதோ? அதுக்கு அந்த மனிசி என்ன செய்தது தெரியுமோ? அவரை மேலையும் கீழையும் பாத்தா, கோட்டைப் பாத்தா, சப்பாத்தைப் பாத்தா, அவசரம் இல்லை எண்டு எழுதிப்போட்டு நாலு கிழமை கழிச்சு வாங்கோ எண்டா. ஒழுங்கா நடக்கிறவனுக்கு இவங்கள் குடுக்கிற மரியாதை இவ்வளவுதான்.

ரெண்டு கிழமையிலை தவமலர் அழுதுகொண்டு போன் எடுத்தா. கால் மணக்குதாம், அறையிலை படுக்கேலாமல் இருக்குதாம். மணந்தால் என்ன, அதுக்கு வழியில்லையோ? மகள் வாங்கித் தந்த வாசனைப் போத்தல் ஒண்டு கிடந்தது, அரைவாசியைப் பரஞ்சோதியின்ரை களிசான் காலிலையும் மேஸிலையும் அடிச்சன். இந்த முறை வெறுங்கையோடை போகக்கூடாது எண்டு விடிய எழும்பி முப்பது கடலை வடை சுட்டுக்கொண்டு போனன். கண்ணாடிக்காரிக்கு நீட்டினால், வாங்கமாட்டாவாம். சட்டமாம். லஞ்சமாம். கடலை வடை லஞ்சமாம், கேட்டீரோ! அந்தப் பெட்டியை ஒரு விரலாலை தள்ளிவிட்டா தங்கச்சி, ஏதோ செத்த எலியைத் தள்ளிற மாதிரி. பேந்து மூக்கைச் சுழிச்சுக்கொண்டு எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தா. திறந்துபோட்டுத் திரும்பி வந்து பரஞ்சோதியைப் பாத்தா. துண்டை எழுதித் தந்தா. வாங்கமாட்டன் எண்டு சொன்னாலும் வடை வேலை செய்திட்டுது.

செவ்வாய்க்கிழமை டொக்டர். போய்ப் பாத்தால் பரஞ்சோதி காய்ச்சல்லை கிடுகிடு எண்டு நடுங்கிறார். நடுங்கிக்கொண்டோ டொக்டருக்கு முன்னாலை போய் நிக்கிறது? என்ரை கைப்பையிலை எப்பவும் காய்ச்சல் குளிசை இருக்கும், ரெண்டைக் குடுத்தன். அரை மணித்தியாலத்திலை நடுக்கம் நிண்டிட்டுது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது, கொஞ்சம் பவுடர் பூசிவிட்டன். டொக்டர் காய்ச்சல் பாத்தார், இல்லை. "எப்பிடி இருக்கிறீர்?" எண்டார். "நல்லாயிருக்கிறன், நன்றி" எண்டார் பரஞ்சோதி. எவ்வளவு ஒழுங்கு பாரும்.

பேந்து டொக்டர் காலைக் காட்டச் சொன்னார். எனக்குத் தெரியும், சப்பாத்தைக் கழட்டினால் மேஸ் ஊறிப்போய்க் கிடக்கும். அந்த வெள்ளைக்காரனுக்கு முன்னாலை அதைக் காட்டி எங்கடை மானத்தைக் கப்பலேத்திறதோ? "காலமைதான் மருந்து கட்டினது டொக்டர், துப்புரவா இருக்குது" எண்டு சொல்லிப்போட்டன். தவமலர் பக்கத்திலை நிண்டு என்ரை கோட்டுக் கையைப் பிடிச்சு இழுக்கிறா. நான் கையைத் தட்டிவிட்டன். வெளியிலை இருபது பேர் காத்துக்கொண்டு நிக்கினம், டொக்டருக்கும் சுகமாப் போச்சுது. ஒரு பூச்சு மருந்து எழுதித் தந்து அனுப்பிவிட்டார்.

நான் கேக்கிறன் தங்கச்சி, அவர் படிச்ச மனிசன் எல்லோ? நான் ஒண்டைச் சொன்னால் அதை அப்பிடியே நம்பிறதோ? கழட்டும் எண்டு ஒரு அதட்டல் போட்டுப் பாக்கிறதுக்கு என்ன? நான் என்ன டொக்டருக்குப் படிச்சனானோ? இதுதான் இந்த நாட்டு வைத்தியம், சனம் வாய் பிளந்து புகழுது.

நாலாம் நாள் மத்தியானம் மனிசன் விடுதிக் குசினியிலை விழுந்திட்டார். தவமலர் எனக்குத்தான் போன் எடுத்தவ. அதைப் பிழை சொல்லேலாது, எதெண்டாலும் முதல் எனக்குத்தான் சொல்லோணும் எண்டு நான் சொல்லி வைச்சிருந்தனான். நான் கோயில்லை அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டு நிக்கிறன், போன் பைக்குள்ளை கிடக்குது. ஏழு தரம் அடிச்சிருக்கிறா. அதுக்கிடையிலை பக்கத்து அறை எரித்திரியாப் பெட்டை ஒருத்தி, இவையோடை ஒரு சொல்லுக் கதைக்கத் தெரியாதவள், நடையிலை நிண்டு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். காவலாளி ஓடியந்து அம்புலன்ஸுக்கு அடிச்சிருக்கிறான். பத்து நிமிசத்திலை வந்திட்டாங்களாம். துண்டும் கேக்கேல்லையாம், இலக்கமும் கேக்கேல்லையாம். எனக்கு விசர் வந்தது. அப்ப நான் மூண்டு தரம் அலுவலகம், டொக்டர் எண்டு ஏறி இறங்கினது எதுக்கு?

முழங்காலுக்குக் கீழை எடுத்துப்போட்டினம்.

என்ன அப்பிடிப் பாக்கிறீர்? உயிர் தப்பினது பெரிய காரியம் எண்டு டொக்டர்மாரே சொன்னவை.

கோழிச் சூப் வைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனன். போர்வைக்குக் கீழை ஒரு பக்கம் தட்டையாக் கிடக்குது. எனக்கு நெஞ்சு பதறிச்சுது தங்கச்சி, நான் கல்லுமில்லை. "எப்பிடி இருக்கிறீர் தம்பி?" எண்டு கேட்டன். அவர் நான் பழக்கின மாதிரியே, எழும்பி நிக்கத்தான் ஏலாமல், டொச்சிலை சொன்னார்: "நல்லாயிருக்கிறன், நன்றி." ஒரு பிழையில்லை. பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரன் கூடத் திரும்பிப் பாத்தான். "கெட்டிக்காரன்" எண்டு நான் கைதட்டினன். அவர் சுவர்ப்பக்கமாத் திரும்பிப் படுத்திட்டார். களைப்பாக்கும்.

தவமலர் எனக்குப் பின்னாலை வெளியிலை வந்து ஒரு பிளாஸ்ரிக் பையை நீட்டினா. எங்கடை அவற்றை சப்பாத்து. "அக்கா, நீங்கள் அவரை அந்தச் செருப்போடையே விட்டிருக்கலாம்" எண்டா. செருப்போடை! அரசாங்க அலுவலகத்துக்கு, றப்பர்ச் செருப்போடை! நான் செத்த மனிசன்ரை கோட்டை எடுத்துக் குடுத்தன், முப்பது வடை சுட்டன், வேலை வெட்டியை விட்டிட்டு அலைஞ்சன், அவவுக்குச் செருப்புத்தான் பெரிசாக்கிடக்கு.

அண்டையிலிருந்து கோயில்லை கண்டால் முகம் குடுக்கிறா இல்லை. போன வெள்ளிக்கிழமை திருநீறு வாங்க வரிசையிலை எனக்கு முன்னாலை நிண்டவ, நான் வந்து நிண்டதும் விலகிப் போட்டா. எல்லாரும் பாத்தவை. அதுதான் தங்கச்சி எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு. துண்டு தராதது கண்ணாடிக்காரி, காலைப் பாக்காமல் விட்டது ஒரு டொக்டர், காலை வெட்டினது இன்னொரு டொக்டர், கோபம் மட்டும் என்னிலை. அந்த எரித்திரியாப் பெட்டையைக் கண்டால் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுறாவாம். என்ன செய்தவள் அவள்? கத்தினவள். அவ்வளவுதானே?

சப்பாத்தை ரெண்டு நாள் சவுக்காரத் தண்ணியிலை ஊறவைச்சுத் தேய்ச்சன். வலச் சப்பாத்தின்ரை உள்ளுக்கை கறை போகேல்லை. வெளியிலை மினுக்கிப்போட்டன், நல்லாத்தான் இருக்குது. ஆக்கள் வெளியிலைதானே பாக்கிறது.

ஐம்பத்தெட்டு விழுந்திட்டுது. இன்னும் ரெண்டு பேர் போனால் நாங்கள்தான், இஞ்சை திரும்பும், உம்மை ஒருக்கா ஒழுங்குபடுத்துவம். முதல் அந்தச் செருப்பைக் கழட்டும். ஓம், உம்மடை காலைப் பாத்த உடனையே கவனிச்சனான், மேஸுக்கு மேலை செருப்பு. இந்தாரும், பைக்குள்ளை என்ரை மகளின்ரை சப்பாத்து வைச்சிருக்கிறன், அளவு சரியா வரும், வராட்டிலும் பறவாயில்லை. தலையை இஞ்சாலை தாரும், சீப்பு இருக்குது. ஏன் இப்பிடி வேர்க்குது உமக்கு? நெத்தி கொதிக்குதே. அதுக்குத்தான் குளிசை, இந்தாரும் ரெண்டு, தண்ணியும் இருக்குது. காய்ச்சலும் இறங்கும், நோவும் அடங்கும், பாக்கிறதுக்கு ஒரு மனிசர் மாதிரி உள்ளுக்கை போகலாம். அவ எப்பிடி இருக்கிறீர் எண்டு கேட்டால் என்ன சொல்லோணும்? சொல்லும் பாப்பம், நான் டொச்சிலை சொல்லித் தாறன்.

ஏன் தலையை ஆட்டுறீர்? வாயைத் திறவும். தங்கச்சி, நான் உம்மடை நன்மைக்குத்தான்... ஏன் கையைத் தட்டிவிடுறீர்? பாரும், குளிசை நிலத்திலை விழுந்திட்டுது.

எங்கை எழும்புறீர்? இன்னும் எங்கடை இலக்கம் வரேல்லை. தங்கச்சி! அது சும்மா போய்த் தட்டுற கதவு இல்லை. ஐயோ, வயித்தைப் பொத்திக்கொண்டு, அந்தச் செருப்பை இழுத்து இழுத்துக்கொண்டு, எல்லாரும் திரும்பிப் பாக்கினம். எழும்பும், நிலத்திலை இருக்காதையும். கத்தாதையும். ஐயோ பிள்ளை, உமக்குப் புண்ணியம் கிடைக்கும், கத்தாதையும்.

கதவு திறக்குது. கண்ணாடிக்காரியே ஓடி வாறா. சரி, போம், போம். கத்துறதெண்டால் கத்தும். என்னோடை வந்தனீர் எண்டு மட்டும் சொல்லாதையும்.